மேற்கே கறுத்த மாலை: கோவளம் தூண்டில் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செப்டம்பர் முதல் வாரம், சனிக்கிழமை. கோவளம் கரையிலிருந்து ஒரு பைபர் படகில் நான்கு விருந்தினர், படகோட்டி அண்ணன், வழிகாட்டியாக நான். இரவு 7 மணி வரை கடலில் இருப்பதாகத் திட்டம். ஆனால் 6 மணிக்கே கரையில் இருந்தோம். எந்த இடிமழைக்குப் பயந்து திரும்பினோமோ அது கோவளத்துக்கு வரவே இல்லை. அன்றைய ஒரே காயமும் கடலில் ஏற்படவில்லை, கரையோர மணலில் ஏற்பட்டது. திரும்பியது சரியா, அந்தக் காயத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

இடமும் ஆட்களும்

கோவளம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவர் ஊர். ஊருக்கு வடக்கே முட்டுக்காடு காயல் கடலோடு சேரும் முகத்துவாரம். ஊருக்கு எதிரே முதலில் மணல் தரை, அதைத் தாண்டிப் போனால் பாறை கிடக்கும் இடங்கள் (மீனவர் பேச்சில் 'பார்'). நாங்கள் போன பார் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. அவ்வளவு கிட்டத்தில் மீன் இருக்குமா என்று வருகிறவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். கரையோரக் கடலில் தூரத்தைவிடத் தரைதான் முக்கியம். மணலில் கிழங்கான், பாரில் பாரை.

விருந்தினர் கோயம்புத்தூர்க் குடும்பம். அறுபதைத் தாண்டிய அப்பா, அவருடைய இரண்டு மகன்கள், மூத்த மருமகள். அப்பாவுக்கு அணைகளில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. இளையவர் இணையத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய புது ராடு, ரீல், ஒரு பெட்டி நிறைய பாப்பர் (நீர்ப்பரப்பில் இழுக்கும் செயற்கை இரை) என்று முழுத் தயாரிப்போடு வந்திருந்தார். மூத்தவரும் அவர் மனைவியும் கடலுக்குப் புதுசு.

படகு வழக்கமான மீன்பிடிப் படகுதான். 9.9 குதிரைத்திறன் வெளிப்பொருத்து எஞ்சின் ஒன்று. மாற்று எஞ்சின் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நடந்தது

3:30க்குக் கரையில் கூடினோம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை நான் இழுத்துப் பார்த்தேன். யார் எங்கே உட்காருவது, அலை வெட்டை (கரையோரம் அலை உடையும் இடம்) தாண்டும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று சொன்னேன். ஒரே நேரத்தில் ஒருவர்தான் ராடை வீசலாம், அதுவும் படகின் முன்பக்கம் நின்றுதான். மற்றவர்கள் தூண்டிலை நேராகக் கீழே இறக்க வேண்டும். பாப்பர்களில் இருந்த மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டி, அதன் எதிர்க்கொக்கியையும் குறடால் நசுக்கினேன். இளையவருக்கு இதில் வருத்தம்தான். ஆடும் படகில் பக்கத்து ஆளின் காதில் ஏறிய முள் எதிர்க்கொக்கி இல்லாவிட்டால் வந்த வழியே வந்துவிடும் என்றதும் சரி என்றார்.

4:15க்குப் படகு இறங்கியது. முதலில் மணல் தரை, நாலைந்து பாக ஆழம் (ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி). சிறிய முள், ஈயக்குண்டு, இறால் துண்டு. கிழங்கானுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இந்த வரிசையை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் முதல் அரை மணி நேரத்தில் ஒரு மீனையாவது கையில் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் என்ன ஆனாலும் பயணம் வீணானதாக அவருக்குத் தோன்றாது. மூத்த மருமகளுக்கு ஈயம் தரையைத் தட்டுவதற்கும் மீன் கொத்துவதற்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரமே பிடிபட்டது. பனிப்பெட்டியில் இரவு வறுவலுக்குப் போதுமான கிழங்கான் சேர்ந்தது.

5 மணி தாண்டிப் பாருக்குப் போனோம். எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் மிதந்துகொண்டே பிடிப்பது. இளையவர் குனிந்து உட்கார்ந்து லீடர் (தூண்டில் நரம்பின் நுனியில் கட்டும் துண்டு நரம்பு) முடிச்சைப் போட ஆரம்பித்தார். நான் போட்டுத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. மிதக்கும் படகில் தலையைக் குனிந்து மெல்லிய நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழகியவருக்கே குமட்டும். கண் அசைவில்லை என்கிறது, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு ஆடுகிறது என்கிறது; இரண்டுக்கும் நடுவில் வயிறுதான் மாட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தார். பின்பக்கம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அசையாத கரைக்கோட்டையே பார்க்கச் சொன்னேன்.

கிழக்குக் கடற்கரையில் கரைக்கோடு என்றால் மேற்கு. அவர்தான் கேட்டார்: "அங்க என்னங்க அவ்வளவு கறுப்பா இருக்குது?"

அதற்குச் சற்று முன்பே வெயில் மங்கியதை நான் கவனித்திருந்தேன். அந்த வாரத்தில் சூரியன் மறைவது 6:15ஐ ஒட்டி. 5:20க்கே வெயிலின் கண்கூச்சம் போய்விட்டது என்றால் ஏதோ உயரமானது நடுவில் நிற்கிறது. கைப்பேசியில் ரேடார் படத்தைத் திறந்தேன். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடாரின் படம் வானிலைத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே சிவப்பாக (பலத்த மழையின் நிறம்) ஒரு மேகக் கூட்டம், முந்தைய படத்தைவிடச் செங்கல்பட்டுப் பக்கம் நகர்ந்திருந்தது. கையில் வரும் படம் எப்போதும் சில நிமிடம் பழையது. அந்த நேரத்தில் மேகம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும்.

படகோட்டி அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வடக்கால ஒதுங்கிடும் தம்பி."

"திரும்பிடலாம்ணே" என்றேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. இருவரில் ஒருவர் திரும்பலாம் என்று சொன்னாலே திரும்ப வேண்டும். வாதம் எல்லாம் கரையில்தான். அவர் மறுபேச்சில்லாமல் எஞ்சின் கயிற்றை இழுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மூத்தவரின் ராடு வளைந்தது. பாரை. அதை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். நல்ல வேளையாகச் சின்ன மீன், சீக்கிரம் வந்துவிட்டது. "மீன் கடிக்கிறப்பத்தான் போகோணுமாங்க?" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை, ஆனால் மனத்தாங்கல் இருந்தது. நியாயம்தான். பாரை மேயும் நேரம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

6 மணிக்குக் கரை. 6:25க்குக் கடற்காற்று சட்டென்று நின்றது. அடுத்த நிமிடம் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வடக்கே மேடவாக்கம் பக்கம் மின்னியது, இங்கே பத்துத் துளி விழுந்தது, அவ்வளவுதான். 6:40க்குப் பிறகு இடிச் சத்தமும் இல்லை. 7 மணி வாக்கில் கடலில் இருந்த மற்ற பைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சொன்னபடியே மழை வடக்கால ஒதுங்கிவிட்டது.

இடியைக் கேட்டபின் திரும்பலாமா?

கடைசியில் நடந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் என் முடிவு தவறு. விருந்தினருக்குப் பொழுது சாயும் நேரத்து மீன்பிடிப்பு போயிற்று, மழையும் வரவில்லை. நான் இதை அப்படிப் பார்ப்பதில்லை. 5:25க்கு என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பக்கம் பெய்யும் மழையில் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும்தான் பெய்கிறது. காரணம் எளிது. பகல் வெயிலில் உள்மாவட்டங்களில் மேகம் திரள்கிறது. மேலே அடிக்கும் மேற்குக் காற்று அதைக் கடற்கரைக்குத் தள்ளுகிறது. மதியத்துக்கு மேல் உள்ளே நுழையும் கடற்காற்றின் ஈரம் அதற்கு இன்னும் தீனி போடுகிறது. இந்த மேகம் கரையைத் தொடும் நேரமும் பாரை மேயும் நேரமும் பல நாள் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. படகில் இருப்பவர்களோ தூண்டில் கிடக்கும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே வானம் நீலமாகத்தான் இருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்ற விதி பலருக்குத் தெரியும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி. 30 விநாடி என்றால் மேகம் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மைதானத்தில் நிற்பவர் இரண்டு நிமிடத்தில் கட்டடத்துக்குள் ஓடிவிடலாம், அவருக்கு இந்த விதி போதும். எங்கள் கணக்கு வேறு. தூண்டில்களைச் சுற்றி எடுக்க 5 நிமிடம். 3 கி.மீ. ஓட, ஆள் நிறைந்த படகுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். அலை வெட்டுக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் போகும்வரை பார்த்திருந்து உள்ளே நுழைய 5 நிமிடம். நான்கு பேரை இறக்க 5 நிமிடம். மொத்தம் 30, 35 நிமிடம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் மேகம் அதற்குள் 15 கி.மீ.க்கு மேல் வந்துவிடும். மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்றையும், மழைக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி விழக்கூடிய மின்னலையும் சேர்த்தால், மேகம் 25, 30 கி.மீ. தொலைவில் இருக்கும்போதே கிளம்பியாக வேண்டும். அவ்வளவு தூரத்து இடி காதில் விழாது, எஞ்சின் ஓடும்போது சொல்லவே வேண்டாம். ஆகவே படகில் இருப்பவர் இடியை நம்பியிருந்தால் தாமதம் நிச்சயம்.

கோவளத்திலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கி.மீ. ரேடாரில் செங்கல்பட்டுக்கு வந்த சிவப்பு கிழக்கே நகர்ந்தால் கிளம்பு என்பதுதான் எங்கள் விதி. வடக்கே ஒதுங்குமா, தெற்கே ஒதுங்குமா என்ற ஊகத்துக்கு அதில் இடமில்லை. அண்ணனின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; எத்தனையோ ஆண்டுகள் அந்த வானத்தைப் பார்த்த கண். அன்றும் சரியாகவே இருந்தது. ஆனால் அவர் தனியாகத் தொழிலுக்குப் போகும்போது எடுக்கும் துணிச்சலை நான்கு விருந்தினரை வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. இதை அவரே ஒப்புக்கொள்வார், அதனால்தான் அந்த ஏற்பாடே.

மற்ற படகுகள் நின்றனவே என்பது அடுத்த கேள்வி. அவற்றில் இருந்தவர்கள் தொழில்காரர்கள், வலை கடலில் கிடந்தது. காற்று திரும்பினால் எப்படி உட்கார வேண்டும், எதைக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் படகில் குமட்டலோடு ஒருவர், அறுபதைத் தாண்டிய ஒருவர், வானத்தை நோக்கி நீட்டிய கிராஃபைட் ராடுகள். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும். தட்டையான கடலில் அந்த ராடும் அதைப் பிடித்தவரும்தான் உயரமான பொருள். இன்னொன்று, மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. ஒற்றை எஞ்சின் அந்த நேரம் பார்த்து நின்றால் படகு பங்களாதேஷ் பக்கம் கிளம்பிவிடும் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு இருந்தாலும் நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்கு நீளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவார்.

பணம்

திரும்பும் முடிவை எடுப்பது காசுதான், வானம் இல்லை என்று நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் படகோட்டி ஏன் சீக்கிரம் திரும்பச் சொல்வார்? மீன் கிடைத்தால்தான் காசு என்று ஒப்புக்கொண்ட வழிகாட்டி, மீன் கடிக்கும்போது எப்படிக் கிளம்புவார்? அதனால் படகு வாடகை முழுசாக, படகு இறங்குவதற்கு முன்பே அண்ணன் கைக்குப் போய்விடும். வானிலையால் சீக்கிரம் திரும்பினால் என் கட்டணத்தில் பாதிதான் வாங்குவேன், இது பதிவு செய்யும்போதே எழுத்தில் இருக்கும். அன்று அப்பா முழுப் பணத்தையும் நீட்டினார். பாதியைத் திருப்பிக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மனத்தாங்கல் கரைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கரையில் நடந்தது

கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, 7:10க்கு முகத்துவாரத்தின் கோவளம் பக்க மணலுக்குப் போனோம். காயல் நீர் வடிந்துகொண்டிருந்தது. வடியும் நீரோடு இறால் வெளியேறும், அதற்காகக் கொடுவா மீன் முகத்துவாரத்தில் காத்து நிற்கும். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. இந்தியாவில் கொடுவாவை முதலில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் அவர்கள்தான், 1997இல். கொடுவா ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரியது கிடைத்தால் அது சினைமீனாக இருக்கும் வாய்ப்பு அதிகம், படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவோம் என்று சொல்லிவைத்தேன். எதற்கும் வேலை வரவில்லை. வந்ததெல்லாம் கெளுத்தி.

கெளுத்திக்கு முதுகுத் துடுப்பில் ஒன்று, பக்கத்துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்று முட்கள். ரம்பப் பல் போல விளிம்பு, கூடவே விஷம். நீளக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றி நான்தான் மீனை விடுவேன், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தொடவில்லை. மூத்தவர் மணலில் துடித்த ஒன்றைப் பாவமாக இருக்கிறதே என்று காலால் தண்ணீருக்குத் தள்ளிவிட்டார். மணல் நுழைகிறது என்று சற்று முன்தான் ஷூவைக் கழற்றியிருந்தார். பெருவிரலுக்குக் கீழே முள் ஏறியது.

வலி சாதாரணமானதல்ல, ஆனால் கைவைத்தியம் இருக்கிறது. அந்த விஷத்தில் உள்ள புரதம் சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வலி அடங்கும்வரை 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். சூட்டை அடிபட்டவரின் காலால் பார்க்கக் கூடாது. வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடும். அவர் மனைவி முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். என்னிடம் இருந்த பிளாஸ்க் தண்ணீர் கால் மணி நேரத்தில் ஆறியது. அப்புறம் சாலையோர டீக்கடையில் வாங்கி வாங்கி ஊற்றினோம். டீக்கடைக்காரருக்கு இது புதிதில்லை போலிருக்கிறது, கேட்காமலே பக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் வலி அடங்கியது. அத்தோடு விட்டுவிடலாம் என்றார். விடவில்லை. உடைந்த முள் உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். உவர்நீர்க் காயத்தில் தொற்று வேகமாகப் பரவும், அதிலும் சர்க்கரை நோயாளிக்கு. அன்றிரவே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டார். உள்ளே முள் இல்லை.

ஏன் நடந்தது? எச்சரிக்கை இல்லாமல் இல்லை. கடலில் எல்லோரும் ஒருவித விறைப்போடு இருந்தார்கள், சொன்னதைக் கேட்டார்கள். கரைக்கு வந்ததும், மழையும் தப்பியதும், எல்லோருக்கும் விட்டாச்சு என்ற நினைப்பு. 'தொடாதே' என்று கை சம்பந்தமாகத்தான் சொல்லப்பட்டிருந்தது, கால் யார் நினைவிலும் இல்லை. அதோடு இருட்டு. நம் ஊரில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெளிச்சம் வடிந்துவிடுகிறது. தலைவிளக்கின் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது.

மாற்றியவை

முகத்துவார மணலில் ஷூவைக் கழற்றுகிறவர் தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார வேண்டும். ஏறிய கெளுத்தி நேராக மூடியுள்ள வாளிக்குள் போகும், மணலில் கிடக்காது. பெரிய பிளாஸ்க் இரண்டு. முடிச்சுகள் எல்லாம் கரையிலேயே. படகில் அறுந்தால் என்னிடம் தயாராகக் கட்டிவைத்த லீடர் இருக்கும், கொக்கியில் மாட்டினால் போதும். குமட்டல் வருமோ என்று கேட்கிறவர்களிடம், மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வேறு மருந்து சாப்பிடுகிறவர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். படகில் ஏறியபின் போடும் மாத்திரை பெரும்பாலும் மீனுக்குத்தான் போகிறது.

பெரிய மாற்றம் கால அட்டவணையில். ஆகஸ்ட், செப்டம்பரில் 'மாலைப் பயணம்' என்று விளம்பரம் செய்வதையே நிறுத்திவிட்டேன். அந்த மாதங்களில் 2:30க்கு இறங்கி 5:30க்குக் கரை. வானம் விட்டால் அதற்கப்புறம் முகத்துவாரம். பொழுது சாய்ந்தபின் பாரில் நிற்க ஆசைப்படுகிறவர்களை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வரச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மேற்கிலிருந்து இடிமேகம் வருவது அபூர்வம். அண்ணனுக்கு இதில் ஒரே ஒரு குறை. அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நெருங்கும், இருட்டில் எஞ்சினை மெதுவாக ஓட்டி, முன்னால் ஒருவர் விளக்கோடு பார்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர்க் குடும்பம் பிப்ரவரிக்குப் பதிவு செய்திருக்கிறது. இளையவர் அந்த விளக்கு வேலையைத் தனக்கே கேட்டிருக்கிறார், முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் குமட்டாது என்று.